அவன்ட்ட சொல்லு

ஜனவரி 3, சனி

மூடுபனி. எதிர் ஃப்ளாட்டின் பால்கனிகூடத் தெரியவில்லை. குளிருக்காகப் பள்ளிக்கூடம் பன்னிரண்டு வரை லீவு. கீசர் வேலை செய்யவில்லை. திருத்த வேண்டிய தாள்கள் நாற்பது, கட்டே பிரிக்கவில்லை.

ராமதுரை சார் போன். எங்கள் டெல்லித் தமிழ் சபாவின் செயலாளர், நாடக ஆசிரியர், டைரக்டர் எல்லாம் அவரே. ரிட்டயர் ஆன ஆடிட் ஆபீசர்.

"டீச்சர், பொங்கல் மலருக்கு உங்க சாரைப் பத்தி ஒரு பக்கம் எழுதிக் கொடுத்துடுங்கோ. தமிழ்ல. சினிமால ஏதாவது பண்ணியிருந்தா அதை முதல்ல போட்டுடுங்கோ."

சினிமா இல்லை. இரண்டு டி.வி. சீரியலில் முனிவர் வேஷம், இரண்டிலும் சாபம் கொடுத்துவிட்டு மறைந்துவிடுவார். அதை மலரில் போட்டால் என்னை வீட்டைவிட்டுத் துரத்திவிடுவார்.

எழுத வேண்டியவை, ஞாபகத்துக்கு:
– சண்முகநாதன் (என் புருஷன்), வயது 52. பிறந்தது, வளர்ந்தது கோல் மார்க்கெட் குவார்ட்டர்ஸ்.
– அப்பா மத்திய அரசு கிளார்க். இவருக்கு ஆறு வயதில் காலமானார். அத்தைக்கு (என் மாமியார்) அதே ஆபீசில் வேலை கிடைத்தது. குவார்ட்டர்ஸ் தப்பியது.
– இருபது வயதில் அத்தை சொல்லி வைத்துக் கிளார்க் வேலை. பதினோரு நாள் போனார். பன்னிரண்டாம் நாள் நாடகப் பள்ளிக்கு ஓட்டம். (இதை எழுதலாமா?)
– அன்றிலிருந்து மேடைதான். சமஸ்கிருத நாடகங்கள், சமஸ்கிருதத்திலும் ஹிந்தியிலும். அரசர்கள் ஏழு பேர், விதூஷகர்கள் மூன்று, திருடன் ஒருவன்.
– ராஜா நடை. ஒரு ஹிந்திப் பத்திரிகை அவர் நடையைப் பற்றி மட்டும் ஒரு பத்தி எழுதியது. குதிகால் தரையில் பட்டு, அரை விநாடி நின்று, பிறகுதான் உடம்பு வரும். எங்கே கற்றீர்கள் என்று மாணவர்கள் கேட்பார்கள். "தெரியாது, முதல் ஒத்திகையிலேயே வந்தது" என்பார். பொய் சொல்கிற ஆள் இல்லை.

இதுவரை தமிழில் ஒரு வசனம் மேடையில் பேசியதில்லை. இந்தப் பதினெட்டாம் தேதிதான் முதல் தடவை. ராஜா வேஷம். டிசம்பரில் சபாவிலிருந்து கேட்டபோது, அவரைக் கேட்காமல் சரி என்று சொன்னது நான்தான். போஸ்டரும் அடித்தாயிற்று.

ஜனவரி 4, ஞாயிறு

வெயில் எட்டிக்கூடப் பார்க்கவில்லை. மந்திர் மார்க் பக்கம் சபா ஹாலில் முதல் ஒத்திகை. மானம் போயிற்று.

நாடகம் சின்னதுதான். ஒரு தாய் தன் மகளைக் கட்டிக்கொடுத்த நாட்டின் மீதே ராஜாவான மகன் படையெடுக்கிறான். ஆசி கேட்டு வருகிறான், தாய் கொடுக்க மறுக்கிறாள். ராமதுரை சாரின் செந்தமிழ், கொஞ்சம் கனம், ஆனால் ஓசை நன்றாக இருக்கிறது. இவருக்குத் தமிழ் படிக்க வராது. வசனம் முழுவதையும் நான் ஒரு நோட்டில் ஹிந்தி எழுத்தில் எழுதிக் கொடுத்திருந்தேன். ஒரு வாரத்தில் மனப்பாடம், ஒரு சொல் பிசகவில்லை.

எழுந்து நின்றார். நாலடி நடந்தார். ஹாலில் எல்லோரும் நிமிர்ந்து உட்கார்ந்தார்கள். அந்த நடையே போதும், கிரீடம் வேண்டாம். பிறகு வாயைத் திறந்தார். "முரசு ஒலிக்கட்டும்! யானைகள் புறப்படட்டும்!"

கொல்லென்று சிரிப்பு.

ராமதுரை சார் என்னைத் தனியாக அழைத்தார். "தப்பா எடுத்துக்காதேங்கோ டீச்சர். மகாராஜா படையைக் கூப்பிடற மாதிரி இல்லை. மாமி பிள்ளைகளைச் சாப்பிடக் கூப்பிடற மாதிரி இருக்கு."

சுருக்கென்றது. ஆனால் உண்மை. அந்த இழுப்பு, அந்த முடிவில் ஒரு தூக்கல், "புறப்படட்டும்"இல் கை தானாக மோவாய்க்குப் போனது. கல்யாணமாகி இருபத்து நாலு வருஷம் ஆகிறது, நான் தமிழ் எம்.ஏ., இது என் காதில் விழவே இல்லை.

அவர் கோபப்படவில்லை. ராமதுரை சாரை அதே வசனத்தைப் பேசச் சொல்லிக் கண்ணை மூடிக்கொண்டு கேட்டார். பிறகு தானும் மறுபடி பேசினார். மறுபடி சிரிப்பு. நன்றி சொல்லிவிட்டு உட்கார்ந்துவிட்டார். முப்பது வருஷம் மேடையில் நின்றவர், புதிதாகச் சேர்ந்த பையன்கள் சிரிக்கிறார்கள், முகத்தில் ஒரு சுளிப்பு இல்லை. நானாக இருந்தால் நோட்டைக் கிழித்துப் போட்டிருப்பேன்.

ஜனவரி 5, திங்கள்

குளிர். பட்டாணி வாங்கினேன். கீசர்க்காரன் "கல் பக்கா, ஆன்ட்டிஜி" என்றான். நாளைக்கு நிச்சயமாம். இது மூன்றாவது "கல்".

பதினோரு மணிக்கு அவர் சமையலறை வாசலில் வந்து நின்றார்.

"விஜி, நான் தமிழ் பேசின ஆம்பளைங்க யாரெல்லாம்?"

யோசித்துப் பார்த்தோம். அப்பா, ஆனால் அவரைப் பற்றி இவருக்கு ஞாபகம் ஏதும் இல்லை. கோவில் குருக்கள், "அர்ச்சனையா?" அளவுக்கு. என் அப்பா, மொத்தம் இரண்டு தடவை. முடிந்தது. பள்ளிக்கூடம் ஹிந்தி, நண்பர்கள் பஞ்சாபி, மேடை சமஸ்கிருதம். தமிழ் முழுவதும் அந்தக் குவார்ட்டர்ஸ் அடுக்களையில் வந்தது: அத்தை, பெரியம்மா, சித்தி. மூன்று பேருமே திருநெல்வேலி. கல்யாணத்துக்குப் பிறகு நான். பிறகு மகள் ப்ரியா, அவளும் பாதி ஹிந்தி.

"அடி ஆத்தாடி! நான் பேசுதது பொம்பளைத் தமிழுல்லா!" என்றார். சொன்ன விதமும் அப்படியே. நான் சிரித்துவிட்டேன், அவரும் சிரித்தார். பிறகு முகம் மாறிவிட்டது.

"சமஸ்கிருதம் யாருக்கும் தாய்மொழி இல்ல, அதுல தைரியமா நின்னுட்டேன். என் சொந்த பாஷைல நிக்க முடியல பாரு."

பட்டாணி உரித்தேன்.

ஜனவரி 7, புதன்

தாய் வேஷம் போடுகிற பத்மா மாமி பெங்களூர் போய்விட்டார். மகளுக்குக் குழந்தை மூன்று வாரம் முன்னாலேயே பிறந்துவிட்டது. ஆண் குழந்தை, இரண்டே கால் கிலோ. ராமதுரை சார் போனில் அழாத குறை.

ஸ்பீக்கரில் கேட்டுக்கொண்டிருந்த இவர், ரிசீவரை என் கையிலிருந்து வாங்கினார்.

"சார், அம்மா வேஷத்தை எனக்குக் குடுத்துருங்க. ராஜாவா நம்ம பேங்க் சுந்தரம் பண்ணட்டும். குரல் நல்லா இருக்கு அவருக்கு."

அந்தப் பக்கமிருந்து ராமதுரை சார்: "சார், நீங்க செய்யற மேடை வேற. நம்ம சபால ஆம்பளை புடவை கட்டிண்டு வந்தா காமெடி. வந்த உடனே விசில் அடிப்பான். சீனே போயிடும்."

"சிரிக்கட்டும் சார். எம்புட்டு நேரம் சிரிப்பாவ?"

அரை மணி நேரம் பேச்சு. கடைசியில் ராமதுரை சார் ஒரு நிபந்தனையுடன் ஒப்புக்கொண்டார்: சனிக்கிழமை ஒத்திகையில் சிரிப்பு வந்தால் வேறு ஆள். ராஜாவாகத் தோற்றால் ஒரு தோல்வி. புடவையில் தோற்றால் டெல்லித் தமிழர் வாயில் சாகிறவரை அடிபடும்.

ஜனவரி 9, வெள்ளி

வெயில் ஒரு மணி நேரம். போர்வைகள் உலர்த்தினேன்.

அவர் வேலை செய்வதைப் பார்க்கக் கொடுத்து வைத்திருக்க வேண்டும். இருபத்து நாலு வருஷத்தில் எத்தனையோ தடவை பார்த்தும் அலுக்கவில்லை. முதல் நாள் வசனத்தை உணர்ச்சியே இல்லாமல், ஸ்டேஷன் அறிவிப்பு மாதிரி சொல்வார். இரண்டாம் நாள் நடந்துகொண்டே: எங்கள் பிளாக்கிலிருந்து பார்க் வரை பதினாலு விளக்குக் கம்பம், கம்பத்துக்கு ஒரு வரி. தப்பினால் முதல் கம்பத்துக்குத் திரும்புவார். மூன்றாம் நாள் புடவை.

இன்று என் பழைய நூல் புடவையைக் கட்டிக்கொண்டு வீடு பூராவும் நடமாடினார். அரிசி களைந்தார். கதவைத் திறந்து இஸ்திரிக்காரனிடம் துணி வாங்கினார். இஸ்திரிக்காரன் அவரை டி.வி. நாடகத்தில் பார்த்ததிலிருந்து "மஹாராஜ்" என்றுதான் கூப்பிடுவான். இன்று ஒரு நிமிஷம் முழித்துவிட்டு, "நமஸ்தே மஹாராணி" என்றான். சிரிக்கவில்லை, நிஜமாகவே சொன்னான்.

ப்ரியா அவள் அப்பாவிடம்: "பப்பா, ப்ளீஸ், என் ஃப்ரெண்ட்ஸ் வர டைம். என்ன இது? யே க்யா ஹை?"

"அம்மா பாத்திரம் கண்ணு."

"ஹாய் ராம்" என்று உள்ளே போய்விட்டாள். பத்து நிமிஷம் கழித்து வந்து, மடிப்பு சரியில்லை என்று அவளே பின் குத்திவிட்டாள்.

பெண் குரல் வைக்கவில்லை அவர். இடுப்பை ஆட்டவில்லை. ஒன்றும் 'செய்யவில்லை'. உட்காரும்போது முந்தானையை இழுத்துத் தோளைப் போர்த்திக்கொள்கிறார், அவ்வளவுதான். யாரிடமிருந்து என்று எனக்குத் தெரியும். பார்த்ததும் கையில் இருந்த தட்டைக் கீழே வைத்துவிட்டேன்.

ஜனவரி 11, ஞாயிறு

நேற்று ஒத்திகை. சிரிப்பு வந்தது, பத்து விநாடி. பிறகு வரவில்லை. ராமதுரை சார் கண்ணாடியைத் துடைத்துக்கொண்டு, "சரி சார்" என்றார்.

ஆனால் இன்று எழுத உட்கார்ந்தது அதற்காக இல்லை.

அவர் நாடகத்தில் ஒன்றைக் கண்டுபிடித்திருக்கிறார். தாயின் கடைசி வசனம் பணிப்பெண்ணைப் பார்த்து: "சேடி! அவனிடம் சொல். விளக்கு அணையாது. கதவு மூடாது. ஆசி மட்டும் இல்லை." மகன் இரண்டடி தூரத்தில் நிற்கிறான். அவனிடமே சொல்லலாமே? எழுதிய ராமதுரை சாருக்கே காரணம் தெரியவில்லை, "ஒரு நாடகத்தன்மைக்காக" என்றார். இவர் சொன்னார்: கடைசி வரி இப்படியென்றால் இவள் முதலிலிருந்தே மகனைப் பார்த்துப் பேசாதவள். ஒரு சொல்லைக்கூட மாற்ற வேண்டாம். எல்லா வசனத்தையும் சேடியைப் பார்த்தே பேசுகிறேன்.

ஹாலில் எல்லோரும் ஆஹா என்றார்கள். எனக்கு மட்டும் இது எங்கிருந்து வருகிறது என்று தெரியும். கிளார்க் வேலையை விட்டு வந்த அன்றிலிருந்து அத்தை இவரிடம் நேராகப் பேசியதில்லை. கண்ணெதிரே உட்கார்ந்திருப்பார், ஆனால் பேச்சு பெரியம்மா வழி. "அவன்ட்ட சொல்லு, எண்ணெய் தேய்ச்சுக் குளிக்கச் சொல்லு." நான் மருமகளாக வந்ததும் அந்த உத்தியோகம் எனக்கு. பெண் பார்க்க வந்தபோது, டெல்லியில் கவர்ன்மெண்ட் நாடகக் கம்பெனி என்றார்கள். என் அப்பா காதில் விழுந்தது கவர்ன்மெண்ட் மட்டும். இப்படியொரு தபால் உத்தியோகமும் கூடவே வரும் என்று யாரும் சொல்லவில்லை.

இவர் வீட்டுக்கு வந்து கேட்டார்: "சேடியா நீ நில்லேன், விஜி. சுந்தரம் பொண்ணு நல்லாத்தான் நிக்கா. ஆனா அவளுக்குக் கேட்டுக்கத் தெரியல. உனக்குத் தெரியும்."

சரி என்றேன். வேறு என்ன சொல்வது?

இப்போது எழுதிவிடுகிறேன். அவருக்குத் தமிழ் படிக்கத் தெரியாது, ப்ரியாவுக்கும் தெரியாது. இந்த வீட்டில் தமிழ் டைரி பீரோவை விடப் பத்திரம்.

அத்தை இவர் நாடகம் ஒன்றைக்கூடப் பார்க்க வந்ததில்லை. போன வருஷத்துக்கு முந்தின வருஷம், ஒரு ஞாயிறு மதியம், டி.வி.யில் இவருடைய நாடகம் போட்டார்கள். இவர் போபாலில் டூர். அன்று காலைதான் எனக்கும் அத்தைக்கும் பெரிய சண்டை. "நீ வேலைக்குப் போயி சோறு போடுத, அவன் வேசம் கட்டுதான். கொஞ்சமாவது சமர்த்தா இருந்திருந்தா அவனைத் திருத்தியிருப்ப" என்றார். இருபத்திரண்டு வருஷத்தில் கேட்டதிலேயே மோசம்.

மதியம் டி.வி. போட்டேன், வேண்டுமென்றேதான். அத்தை எழுந்து போவார் என்று நினைத்தேன். போகவில்லை. பிரம்பு நாற்காலியில் உட்கார்ந்து ஒன்றரை மணி நேரம், புரியாத சமஸ்கிருதத்தில், முழுவதும் பார்த்தார். முடிந்ததும் என்னைப் பார்க்காமல் சொன்னார்: "அவன்ட்ட சொல்லு. அவன் நடக்குதது அவங்கப்பா நடை. நல்லாத்தான் செய்யுதான்."

நான் சொன்னேன்: "இதையாவது நீங்களே சொல்லுங்க அத்தை."

திட்டுகளையெல்லாம் நான் சுமந்தேன். ஒரு நல்ல வார்த்தை, அதையும் நானா? அப்படி ஒரு வீம்பு. இவர் டூரிலிருந்து வந்து பத்து நாள் வீட்டில் இருந்தார். அத்தை வாய் திறக்கவில்லை. நானும் திறக்கவில்லை. அடுத்த மாதம் அத்தைக்குப் பக்கவாதம், பேச்சு போய்விட்டது. மூன்று வாரத்தில் போய்ச் சேர்ந்தார். அந்த மூன்று வாரமும் நான் உள்ளே போகும்போதெல்லாம் என்னையே பார்த்துக்கொண்டிருந்தார்.

அப்போது சொல்லியிருக்க வேண்டும். அப்போது சொல்லாததைக் காரியம் முடிந்ததும் எப்படிச் சொல்வது? பிறகு தள்ளித் தள்ளி இரண்டு வருஷம். முகமே நினைவில்லாத அப்பாவின் நடையில் மனுஷன் முப்பது வருஷமாக நடந்துகொண்டிருக்கிறார். அவருக்கே தெரியாது. எனக்குத் தெரியும்.

ஜனவரி 13, செவ்வாய்

பள்ளி திறந்தது. புசா ரோடு மெட்ரோவுக்காகத் தோண்டிப் போட்ட பள்ளத்தில் பஸ் முக்கால் மணி நேரம். எட்டாம் வகுப்பில் பாதிப் பேர் வரவில்லை.

மலருக்கு எழுதியதைக் கொடுத்துவிட்டேன். 'ராஜா நடை' பற்றி எழுதிய வரியை மூன்று தடவை எழுதி மூன்று தடவையும் அடித்தேன். கடைசியில் "தனித்துவமான நடை" என்று போட்டேன். டீச்சர் தமிழ், செத்த தமிழ்.

ராமதுரை சார்: "பிரமாதம் டீச்சர். சினிமா மேட்டர் மட்டும் மிஸ்ஸிங்."

ஜனவரி 15, வியாழன்

பொங்கல். பால் சரியான திசையில்தான் பொங்கியது. கரும்பு கிடைக்கவில்லை, ப்ரியா கரோல் பாக் வரை போய் வாங்கி வந்தாள். இவர் சர்க்கரைப் பொங்கல் கிளறிக்கொண்டே வசனம். "வென்று வருவாய். அதில் எனக்கு ஐயமில்லை. வென்ற பின் எந்த வாசல் வழியாக வருவாய்?" முந்திரி கருகியது.

இன்று சொல்லலாம் என்று நினைத்தேன். நல்ல நாளில் வேண்டாம் என்று விட்டேன். நல்ல சாக்கு.

ஜனவரி 17, சனி

நாளை நாடகம் போட வேண்டிய ஹாலுக்குப் போய் வந்தோம். இவர் வழக்கப்படி: முதலில் கடைசி வரிசையில் உட்கார்ந்து என்னை மேடையில் பேசச் சொல்லிக் கேட்டார். பிறகு மேடையில் அடி எண்ணினார், இடமிருந்து வலம் பதினாறு. செருப்பை வாசலிலேயே விட்டுவிட்டார். ஹால் வாட்ச்மேன் பார்த்துக்கொண்டே இருந்தான், கடைசியில் அவனும் செருப்பைக் கழற்றினான். ஏன் என்று அவனுக்கே தெரிந்திருக்காது.

இந்த மனுஷனை நம்பி நான் பட்ட கஷ்டம் கொஞ்சமில்லை. ஆனால் இப்படி ஒரு வேலையை இப்படிச் செய்கிற இன்னொருவரை நான் பார்த்ததில்லை. அதையும் அவரிடம் சொன்னதில்லை. சொல்லாமல் வைப்பதில் நான் அத்தைக்கு இளைத்தவள் இல்லை.

ஜனவரி 18, ஞாயிறு

காலை பத்து. பனி விலகவில்லை. நாடக நாள், அவருக்கு மதியம் வரை வெந்நீர், ரவை உப்புமா, அவ்வளவுதான். நான் பின்களை மூன்று தடவை எண்ணிவிட்டேன். எனக்கு வசனமே கிடையாது, தலை வணங்கி விசிறியோடு போக வேண்டியதுதான். இதற்கே இப்படி.

எடுத்துப் போக வேண்டியவை: இரண்டு புடவை, பின், கோல்ட் க்ரீம், ஃப்ளாஸ்க், அவர் கண்ணாடி.

ஜனவரி 19, திங்கள்

லீவு போட்டேன். தலைவலி என்று சொன்னேன். உண்மையும்தான்.

நேற்று நடந்ததை நடந்தபடி எழுதுகிறேன்.

ஹால் நிரம்பியிருந்தது. திரை விலகியது. அவர் வந்தார். முதலில் ஒரு விசில். பின்வரிசையிலிருந்து "வாங்கோ மாமி!" அப்புறம் ஹாலே சிரித்தது. நான் விசிறியோடு நிற்கிறேன். அவர் நிற்கவில்லை, அவசரப்படவும் இல்லை. வந்து உட்கார்ந்தார். முந்தானையை இழுத்துப் போர்த்தினார். தரையில் எதையோ பார்த்தார். உள்ளங்கையால் அந்த இடத்தை ஒரு தடவை துடைத்தார். கோபத்தை அடக்கிக்கொண்டு உட்கார்ந்திருக்கும் பெண்பிள்ளை அப்படித்தான் துடைப்பாள். சிரிப்பு பெண்கள் பக்கத்தில்தான் முதலில் நின்றது. பிறகு ஆண்கள் பக்கம். கடைசியாக அந்த விசில்காரனும் அடங்கினான்.

சுந்தரம் ராஜாவாக வந்தார். நன்றாகவே முழங்கினார். இவர் அவரை ஒரு தடவைகூடப் பார்க்கவில்லை. செந்தமிழ் முழுவதும் என் முகத்துக்கு வந்தது. குரல் அவருடையதுதான். வேகம் அத்தையுடையது. ஒரு வார்த்தைக்கும் அடுத்த வார்த்தைக்கும் நடுவில் விடுகிற அந்த இடைவெளி, நான் இருபத்திரண்டு வருஷம் தோசைக் கரண்டியோடு நின்று கேட்ட இடைவெளி. எதிரே புடவையில் இருப்பது என் புருஷன் என்பது எனக்கு மறந்துவிட்டது. சத்தியமாக மறந்துவிட்டது.

"சேடி! அவனிடம் சொல். விளக்கு அணையாது. கதவு மூடாது. ஆசி மட்டும் இல்லை."

நான் தலை வணங்க வேண்டும். வணங்கவில்லை.

"சரி அத்தை. சொல்லுதேன்" என்றேன்.

அடுக்களைக் குரலில். மேலே தொங்கிய மைக் அதை அள்ளி ஹால் முழுக்கக் கொட்டியது. ராஜ சபையில் பணிப்பெண் மகாராணியை அத்தை என்கிறாள். சைடில் ராமதுரை சார் தலையில் கை வைத்துக்கொண்டது தெரிந்தது. மண்டபம் இடிந்து என் மேல் விழாதா என்று இருந்தது.

அவர் அசையவில்லை. மேடையில் ஒரு சொல் கூட்டவோ குறைக்கவோ மாட்டார், அது அவருக்குப் பாவம். என்னை நேராகப் பார்த்தார். அத்தை ஒருநாளும் அப்படிப் பார்த்ததில்லை, அந்தக் கடைசி மூன்று வாரத்தைத் தவிர. பிறகு 'ம், போ' என்பது போல் தலையை ஒரு தரம் அசைத்தார். நான் ராஜா பக்கம் மூன்றடி வைத்தேன். திரை.

யாரும் சிரிக்கவில்லை. முதலில் ஒரு மூக்குறிஞ்சல் சத்தம். அப்புறம் கைதட்டல், நிற்கவே இல்லை.

மேக்கப் ரூமில் ராமதுரை சார்: "டீச்சர், அந்த டயலாக் ஸ்கிரிப்ட்ல இல்லையே."

"இல்லை சார். மன்னிச்சுக்குங்க."

"மன்னிக்கறதாவது. அடுத்த தடவைக்கு எழுதிப் போட்டுடறேன்."

ஆர்.கே.புரத்திலிருந்து வந்த ஒரு அம்மாள் புடவை கலைக்காத அவர் கையைப் பிடித்துக்கொண்டார். "எங்க மாமியாரும் இப்படித்தான். எங்க வீட்டுக்காரர்கிட்ட பேசவே மாட்டா, எல்லாம் என் தலையில." அழுகையும் சிரிப்புமாக. அவர் அந்த அம்மாள் கையை விடாமல் நின்றார். ஒரு பாராட்டுக்கும் அவர் கண் கலங்கி நான் பார்த்ததில்லை, நேற்று கலங்கியது. தன் பாஷையில் நின்றுவிட்டார். என் புருஷன் நின்றுவிட்டார். நாலு பேர் முன்னால் இதைச் சொல்ல முடியாது, இங்கே சொல்கிறேன்: எனக்கு அவ்வளவு பெருமை.

டாக்ஸியில் வரும்போது ஒன்றே ஒன்று கேட்டார். "யார்ட்ட சொல்லுதேன்னு சொன்ன?"

தெரியவில்லை என்றேன்.

ஜனவரி 20, செவ்வாய்

பள்ளிக்குப் போய் வந்தேன். ஸ்டாஃப் ரூமில் எல்லோரும் "சரி அத்தை" என்று கேலி. கீசர் சரியாகிவிட்டது.

மாலை ஐந்தரை. ப்ரியா டியூஷனில். அவர் முன்னறையில் பட்டாணி உரித்துக்கொண்டிருந்தார். எதிரே போய் உட்கார்ந்தேன். எல்லாவற்றையும் சொன்னேன். சண்டை, டி.வி., அத்தை சொன்னது, நான் எதிர்த்துச் சொன்னது, அந்த மூன்று வாரம். ஒன்றையும் விடவில்லை. எனக்குச் சாதகமாகவும் எதையும் மாற்றவில்லை.

முடிக்கிறவரை உரித்துக்கொண்டே இருந்தார். பிறகு நிறுத்தினார்.

"ரெண்டு வருசம்" என்றார்.

"ஆமா."

எழுந்து பால்கனிக்குப் போனார். நான் அப்படியே உட்கார்ந்திருந்தேன். கத்தினால் தேவலை என்றிருந்தது. கொஞ்ச நேரத்தில் உள்ளே நடக்கிற சத்தம், பால்கனியிலிருந்து ஹாலுக்கு, ஹாலிலிருந்து பால்கனிக்கு. குதிகால், ஒரு நிறுத்தம், குதிகால். நாலைந்து தடவை. பிறகு வந்து நின்றார். கண் சிவந்திருந்தது. ஆனால் கேட்டது நடிகர்.

"எங்க உக்காந்திருந்தா?"

"அந்தப் பிரம்பு நாற்காலியில."

"டி.வி. ஓடிக்கிட்டிருந்துச்சா, அணைச்சுட்டாளா?"

"ஓடிட்டு இருந்துச்சு. பேரெல்லாம் போட்டுட்டு இருந்தான்."

"கை?"

யோசித்தேன். "மடியில. ஒண்ணு மேல ஒண்ணு."

"எப்படிச் சொன்னா? சொல்லு."

சொன்னேன்.

"அது நீ சொல்லுத. அவ சொல்லுத மாதிரி சொல்லு."

"எனக்கு நடிக்க வராதுங்க."

"தெரியும். சொல்லு."

மறுபடி சொன்னேன். சீக்கிரம் முடிச்சிட்டே என்றார். மறுபடி. அழாமல் சொல்லு, அவ அழுதிருக்க மாட்டா என்றார். உண்மை, அழவில்லை. மறுபடி. 'நல்லாத்தான்'னுக்கு முன்னால நிறுத்தினாளா என்று கேட்டார். நிறுத்தினார், நீளமாக. அது எனக்கே அப்போதுதான் நினைவு வந்தது. ஐந்து, ஆறு தடவை ஆயிற்று. இருட்டத் தொடங்கியது, லைட் போடத் தோன்றவில்லை.

பிறகு நான் எழுந்து போய்ப் பிரம்பு நாற்காலியில் உட்கார்ந்தேன். கையை மடியில் வைத்தேன். அவரைப் பார்க்கவில்லை. டி.வி. பக்கம் பார்த்துக்கொண்டு சொன்னேன்.

"அவன்ட்ட சொல்லு. அவன் நடக்குதது அவங்கப்பா நடை. நல்லாத்தான் செய்யுதான்."

அவர் நடந்து நாற்காலிக்குப் பின்னால் போய் நின்றார். பிறகு, என் முதுகுப் பக்கமிருந்து, "சரிம்மா" என்றார்.